கரடு எப்போது மலையாகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து இராயக்கோட்டைப் பக்கம், கரட்டை (சிறு பாறைக் குன்றை) ஒட்டி 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை வாங்கியிருக்கிறீர்கள். அதில் ஒரு வீடும், பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு நான்கு அறைகளும் கட்ட நினைக்கிறீர்கள். ஊராட்சியில் விசாரித்தால் "இது மலைப்பகுதி, அனுமதி சுலபமில்லை" என்கிறார்கள். நிலத்தை முடித்துக் கொடுத்த தரகரோ "இது கரடுதானே, மலையா?" என்று சிரிக்கிறார். விதிகளை எடுத்துப் படித்தால் மலை, சரிவு, தரைமட்டம், மேம்பாடு என்று வருகிற சொல் ஒவ்வொன்றும் வழுக்குகிறது. கரட்டின் மறுபக்கம் ஒரு கல்குவாரியும் இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது என்பது உங்கள் கேள்வி.

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். இருவரும் நிலத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். பட்டியலைப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் முப்பது ஆண்டுகளாகக் கட்டட வரைபடம் போட்டுத் தாக்கல் செய்து வருகிறேன். "மலை" என்ற சொல்லை உயரத்தை வைத்து முடிவு செய்து நல்லபடியாக வெளியே வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நம் மாநில விதிகளில் மலை என்பது பெரும்பாலும் ஓர் உருவம் அல்ல, ஒரு பெயர்ப்பட்டியல். உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயர் அதில் இருந்தால், கால் வழுக்காத சமதரையாக இருந்தாலும் நீங்கள் மலைப்பகுதியில் இருக்கிறீர்கள். இல்லையென்றால், வீட்டுக்குப் பின்னால் நூறடிப் பாறை நின்றாலும் அந்த விதிகளுக்கு நீங்கள் சமவெளிக்காரர்தான்.

அதிலும் பட்டியல் ஒன்று அல்ல. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரசு அறிவிக்கை செய்த இடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஹாகா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் வந்தது. அதன் கிராமங்கள் தனி. 1993இல் வந்த மலைவாழிட நகராட்சிக் கட்டட விதிகள் வேறு ஊர்களுக்கானவை. ஒரே சொல், மூன்று வேலிகள். ஒரு வேலிக்குள் இருக்கிற கிராமம் இன்னொன்றுக்கு வெளியே இருக்கலாம். எனவே "மலைப்பகுதி" என்று யாராவது சொன்னால், "எந்தச் சட்டத்தின்படி?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் தடுமாறினால் அவரும் கண்ணால் அளந்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

பட்டியலைத் தேடும்போது நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபரில். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். ஆகவே 2004க்கு முந்தைய எந்த அரசாணையிலும் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று ஒன்று இருக்காது. உங்கள் ஊரைத் தருமபுரியின் கீழ்தான் தேட வேண்டும்; 1965க்கும் முந்தையது என்றால் சேலத்தின் கீழ். வட்டங்களும் அதற்குப் பிறகு உடைந்திருக்கின்றன. ஊராட்சியின் பெயரோ, நீங்கள் வாயால் சொல்லும் குக்கிராமத்தின் பெயரோ உதவாது. வருவாய்க் கிராமத்தின் பெயர் வேண்டும். "எங்கள் ஊர் பட்டியலில் இல்லை" என்று மகிழ்ச்சியோடு வந்த ஒருவருக்கு, அவர் குக்கிராமத்தின் பெயரைத் தேடியிருக்கிறார் என்று எடுத்துச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. அஸ்திவாரத்துக்குக் கல் இறக்கியிருந்தார் பாவம்.

இனி கரடு. இந்தச் சொல், நிலங்களைப் புல எண் (சர்வே எண்) வாரியாக எழுதி வைத்திருக்கும் உங்கள் கிராமத்து அ-பதிவேட்டிலேயே இருக்கக்கூடும். பழைய நிலவரித்திட்டக் காலத்திலிருந்து கரடு, பாறை, மலைப் புறம்போக்கு, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று எழுதி வந்திருக்கிறார்கள். அவை வரி போட எழுதிய சொற்கள். பயிர் விளையுமா, தீர்வை கிடைக்குமா என்பதுதான் அன்றைய கவலை. நிலம் சரியுமா என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் பதிவேட்டில் "கரடு" என்று இருப்பதை வைத்து மலை என்றும் வாதிட முடியாது, மலை இல்லை என்றும் வாதிட முடியாது. ஆனால் அந்தச் சொல் இன்னொன்றைச் சொல்லும்: அந்தப் புல எண் அரசு நிலமா, பட்டா நிலமா என்பதை. உங்கள் வேலிக்கும் கரட்டுப் புறம்போக்குக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பது, கரடு மலையா என்ற வாதத்தைவிட உங்களுக்கு அவசரமானது.

மலைக்கு உயரத்தை வைத்து இலக்கணம் சொல்ல முடியாதா என்று கேட்கலாம். வடக்கே முயன்று பார்த்தார்கள். ஆரவல்லி மலைத்தொடருக்கு, சுற்றியுள்ள தரையிலிருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்பதே மலை என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் முடிவதற்குள் அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. நூறு மீட்டர் என்பது தெளிவான எண்தான். "சுற்றியுள்ள தரை" எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வழக்கு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டரில் இருக்கும் ஓசூர்ப் பீடபூமியில் நின்று அளந்தால் குட்டையாகத் தெரியும் கரடு, காவேரிப்பட்டினத்துப் பக்கம் கீழே நின்று பார்த்தால் வேறு உருவம் எடுக்கும்.

அடுத்தது சரிவு. இங்கே ஏமாறுகிறவர்கள்தான் மிக அதிகம், ஏனென்றால் எண் போட்டிருப்பதால் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். "30" என்று ஓரிடத்தில் பார்த்தால் அது டிகிரியா சதவீதமா என்று முதலில் பாருங்கள். 30 சதவீதச் சரிவு 16.7 டிகிரிதான். 30 டிகிரிச் சரிவு கிட்டத்தட்ட 58 சதவீதம். கொத்தனார் "மூன்றுக்கு ஒன்று" என்பது 33 சதவீதம், அதாவது 18 டிகிரிக்குச் சற்று மேல். இந்த மூன்றையும் ஒரே கூட்டத்தில் கலந்து பேசி, எல்லோரும் ஒத்துக்கொண்டு எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அலகு தெரிந்தபிறகும் ஒன்று பாக்கி: எங்கிருந்து எங்கே? உங்கள் நிலம் சாலையிலிருந்து கரட்டடி வரை 60 மீட்டர் நீளம், மொத்த ஏற்றம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20 சதவீதம். ஆனால் முதல் 40 மீட்டரில் 4 மீட்டர் மட்டுமே ஏறி, கடைசி 20 மீட்டரில் 8 மீட்டர் ஏறினால், முன்பகுதி 10 சதவீதம், பின்பகுதி 40 சதவீதம். விதி மனையின் சராசரியைக் கேட்கிறதா, கட்டடம் உட்காரும் இடத்தைக் கேட்கிறதா? விதி பேசாமல் இருந்தால், வரைபடத்தில் இரண்டையும் நீங்களே காட்டிவிடுங்கள். சராசரியை மட்டும் எழுதி 40 சதவீதத்தை ஒளித்தால், களத்துக்கு வரும் அதிகாரி முதலில் அங்கேதான் போய் நிற்பார்.

தரைமட்டம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலத்தில் ஏற்கெனவே ஏதோ நடந்திருக்கிறது. "நிலம் வாங்கும்போதே பாதி சமனாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். கரட்டடியில் எந்த நிலமும் பாதி சமனாகப் பிறப்பதில்லை. விற்றவர் பொக்லைன் விட்டு வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளிப் பரப்பியிருக்கிறார். இப்போது "இயற்கைத் தரைமட்டம்" எது? பொக்லைன் வருவதற்கு முன்பிருந்ததா, நீங்கள் கையெழுத்திட்ட அன்று இருந்ததா? வரையறையில் "தற்போதுள்ள" என்று இருந்தால் ஒரு விடை, "இயற்கையான" என்று இருந்தால் வேறு விடை, "சுற்றிலுமுள்ள சராசரி" என்றால் மூன்றாவது விடை. கட்டட உயரம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. 12 மீட்டர் நீள வீட்டை 25 சதவீதச் சரிவில் வைத்தால் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் 3 மீட்டர் வித்தியாசம். மேல் முனையில் 7 மீட்டர் உயரமாகத் தெரியும் வீடு கீழ் முனையிலிருந்து 10 மீட்டர்; சராசரியில் 8.5. வரம்பு 9 மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அளக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அதே வீடு விதிக்குள்ளும் வெளியிலும் இருக்கும். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் இரண்டு வாரங்களில் வந்து இரண்டு உயரம் எழுதிப் போனார்கள். இருவரும் நேர்மையானவர்கள். ஒருவர் சாலையோரம் நின்று அளந்தார், மற்றவர் கொல்லைப்புறம் நின்று அளந்தார்.

பழைய மட்டத்தை நிரூபிக்க என்ன வழி? இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் சமஉயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் இடைவெளி. உங்கள் நிலம் முழுவதும் இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். பழைய செயற்கைக்கோள் படங்கள் வெட்டியது எப்போது என்பதைக் காட்டும், எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டாது. நம்பகமான சாட்சி பக்கத்து நிலம்தான். தொடாத வேலியோரங்களில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து மட்டம் எடுத்து, நடுவில் இருந்திருக்கக்கூடிய சரிவைக் கோடு இழுத்துக் காட்டலாம். பழைய கல்வரப்பின் அடி தெரிந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். தள்ளிய மண்ணின் மேல் மட்டும் அஸ்திவாரம் வேண்டாம். இது விதி அல்ல, என் அனுபவம்.

தூரம் என்ற சொல்லுக்கு நல்லவேளையாக ஒரு விடை உண்டு. மத்தியச் சட்டங்களுக்கான 1897ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வேறு நோக்கம் தெரியாதவரை தூரத்தைக் கிடைமட்டத்தில் நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்கிறது. புலப்படத்தில் (ஒரு புல எண்ணின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடத்தில்) உள்ள அளவுகளும் கிடைமட்ட அளவுகளே. 30 டிகிரிச் சரிவில் டேப்பைத் தரையோடு போட்டு 300 மீட்டர் அளந்தால் உண்மையில் கிடைப்பது 260 மீட்டர். சரிவு நிலத்தை டேப் போட்டு அளந்துவிட்டு "பட்டாவைவிட அதிகம் இருக்கிறது" என்று பூரிப்பவர்களுக்கும் இதுதான் பதில். கம்பிவேலிக்குக் கூடுதலாகக் கம்பி வாங்குங்கள், நிலம் கூடவில்லை.

இந்த 300 மீட்டரைச் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959, 36ஆவது விதி, மக்கள் வாழும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தருவதைத் தடுக்கிறது. மக்கள் வாழும் இடம் என்றால் மக்கள் வாழும் இடம்தானே என்று நினைப்போம். விதியின் விளக்கக் குறிப்பு அப்படிச் சொல்லவில்லை: வருவாய்ப் பதிவேடுகளில் கிராம மனை, நகர மனை, வீட்டுமனை என்று குறிக்கப்பட்ட இடம், அல்லது உள்ளாட்சி அமைப்போ திட்டமிடல் அமைப்போ அங்கீகரித்த வீட்டுமனை, மனைப்பிரிவு. புஞ்சையில் அனுமதியின்றி ஒரு வீடு கட்டி, அதில் பத்து ஆண்டு குடியிருந்து, குழந்தை பெற்று வளர்த்தாலும் அந்தச் சொல்லுக்குள் நீங்கள் நுழைவது கடினம். கருங்கல் வெட்டும் நம் மாவட்டத்தில் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. அனுமதி வாங்குவது உங்களைக் கட்டுப்படுத்துவதற்கு மட்டும் என்று நினைக்கிறீர்கள். குவாரிக்கு எதிராகப் பேசும் நாளில் அந்தத் தாள்தான் உங்களை "மக்கள்" ஆக்கும்.

மேம்பாடு என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் நிலத்தை மேம்படுத்துவது என்றால் கல் பொறுக்குவது, வரப்பு போடுவது, மாங்கன்று வைப்பது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 2(13) பிரிவில் அது வேறு பொருள் தாங்குகிறது: நிலத்தின் மேலோ, உள்ளோ, அடியிலோ செய்யப்படும் கட்டட, பொறியியல், சுரங்க வேலைகளும், நிலப் பயன்பாட்டில் ஏற்படும் முக்கியமான மாற்றமும் அதில் அடங்கும். ஒரு செங்கல்கூட வைக்காமல் கரட்டை வெட்டினாலும் அது மேம்பாடாகிவிடக்கூடும். ஆனால் அதே பிரிவு சிலவற்றை விலக்குகிறது. விவசாய வேலையின் வழக்கமான போக்கில் தோண்டுவதும் கிணறு வெட்டுவதும், விவசாயத்துக்கு மட்டுமே பயன்படும் மண்பாதை போடுவதும் மேம்பாடு ஆகா. "வழக்கமான போக்கில்", "மட்டுமே" என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். தோட்டத்துக்கு வண்டி போக நீங்கள் போடும் மண்பாதை விலக்குக்குள் வரும். அதே பாதையில் விருந்தினரின் கார் ஏறத் தொடங்கினால் "மட்டுமே" உடைந்துவிடும். நான்கு அறை கட்டி வாடகைக்கு விடுவதை "பண்ணை வீடு" என்று பெயர் மாற்றி விவசாயத்துக்குள் நுழைக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சட்டம் கேட்காது, நிலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கும்.

காடு பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே கொள்ள வேண்டும், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி என்றது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியபிறகும், 2024 பிப்ரவரி இடைக்கால உத்தரவில் அந்த அகராதிப் பொருளையே தொடரச் சொன்னது. நம் பக்கத்தில் சோளக்காடு, கடலைக்காடு, மேட்டாங்காடு என்று உழுத நிலத்தைத்தான் காடு என்போம். மனுவில் "எங்கள் காட்டில் வீடு கட்ட" என்று எழுதி வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு மனு என் மேசைக்கு வந்திருக்கிறது.

சொல்லை எப்படிப் படிப்பது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி இது. முதலில் வரையறைப் பகுதி. அங்கே "என்றால்" என்று இருந்தால் பொருள் அந்த வேலிக்குள் அடங்கியது; "உள்ளடக்கும்" என்று இருந்தால் வேலி திறந்திருக்கிறது, சொல்லாததும் நுழையலாம். வரையறை இல்லையென்றால் தாய்ச்சட்டத்தைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால்தான் பேச்சில் வழங்கும் பொருள். பட்டியலாக வரும் சொற்களைத் தனித்தனியாகப் பிய்க்காதீர்கள். "பாறை, கரடு, சரிவு மற்றும் இவை போன்றவை" என்று இருந்தால் கடைசிச் சொல் முன்னால் உள்ளவற்றின் சாயலில்தான் பொருள் தரும். தமிழ் வடிவத்தில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் வையுங்கள். மனத்துக்குப் பிடிக்கவில்லை என்றாலும், அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது கூறு, அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பையே அதிகாரபூர்வமானதாகக் கொள்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சொல் இரண்டு பக்கமும் சாய்ந்தால் யாருக்குச் சாதகம்? நீதிமன்றங்களிலேயே இரண்டு இழுப்பு உண்டு. சொத்துரிமையைக் கட்டுப்படுத்தும் திட்டமிடல் விதிகளை இறுக்கமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று 2006இல் விஜயலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது உங்கள் பக்கம். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், 1996இல், சுற்றுச்சூழல் தீங்குக்கு முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முன்னெச்சரிக்கையே சட்டம் என்றது. அது கரட்டின் பக்கம். என் கணிப்பில், கட்டட உயரம், முன்விடும் இடம் போன்றவற்றில் முதல் வாதத்தை வைத்துப் போராடலாம். மண் வெட்டுவது, ஓடை, சரிவு என்று வந்தால் அதை நம்பி இறங்காதீர்கள். "இது வறண்ட மாவட்டம், இங்கே எங்கே மண் சரியும்" என்பவர்களுக்கு: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே நாட்களில் திருவண்ணாமலையில் மலையடிவாரக் குடியிருப்பின்மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். புலப்படத்தில் ஓடை என்று கோடு இருந்தால், கோடையில் அதில் கிரிக்கெட் ஆடினாலும் அது ஓடைதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அ-பதிவேட்டு நகல், உங்கள் புல எண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள எல்லாப் புல எண்களுக்கும் புலப்பட நகல் எடுங்கள். மட்டக் கணக்கெடுப்பை இப்போதே முடித்துத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பிறகு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். "எங்கள் நிலம் மலையா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு வரியில் எந்தப் பதிலும் வரலாம். இந்த வருவாய்க் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் உள்ளதா, இருந்தால் எந்த அரசாணையின்படி, சரிவை எந்த அலகில் எந்தப் புள்ளிகளுக்கு இடையே கணக்கிட வேண்டும், உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளுக்கும் அலைய வேண்டியிருக்கும். அந்தக் காலத்தையும் கணக்கில் வையுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாள் கெடு. அதில் கருத்துக் கேட்டால் மறுப்பார்கள். பட்டியலின் அந்தப் பக்கத்து நகலையும் அரசாணை நகலையும் கேளுங்கள்.

பொக்லைன்காரருக்கு முன்பணம் கொடுத்திருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். கைபேசியில் அழைத்து, பதில் கடிதம் கைக்கு வரும்வரை வண்டியை அனுப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.